இரவல் கொடுத்த சொற்கள்: நாஜிப் பிரசாரமும் ஜெர்மானியப் புரோட்டஸ்டண்டுத் திருச்சபையும்

பிரசாரம் என்னும் சொல்லை இன்று நாம் ஐயத்தோடுதான் செவிமடுக்கிறோம். மேலைநாட்டு மொழிகளில் இதற்கு வழங்கும் 'புரோபகாண்டா' என்னும் சொல்லோ திருச்சபையின் இல்லத்திலேயே பிறந்தது. 1622ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி விசுவாசத்தைப் பரப்புவதற்கென உரோமையில் ஒரு பேராயத்தை நிறுவினார். அதன் இலத்தீன் பெயரிலிருந்தே அச்சொல் உலக வழக்கிற்கு வந்தது. புரோட்டஸ்டண்டார் இதனைக் கேட்டு நகைப்பதற்கு இடமில்லை. இடையன்குடியிலும் நாசரேத்திலும் பணியாற்றிய எஸ்.பி.ஜி. சங்கம் 1701இல் தோன்றியபோது தன் பெயரின் நடுவே அதே வேரிலிருந்து கிளைத்த சொல்லையே தாங்கியிருந்தது. தோட்டக்காரன் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போடுவதே அந்த இலத்தீன் வினையின் முதற்பொருள். கொடி தானே வேர்விட்டுத் தாய்ச்செடியினின்று பிரிந்து வாழத் தொடங்கும். நற்செய்திப் பணிக்கு அழகிய உவமைதான். ஆனால் இதே உவமை, இக்கட்டுரை பேசவிருக்கும் தீமைக்கும் முற்றிலும் பொருந்துகிறது.

பிரசார உத்திகளை முறையாகப் பெயரிட்டு வகுத்தவர்களுள் குறிப்பிடத்தக்கோர், 1937இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரசார ஆய்வுக் கழகத்தார். கிளைட் மில்லர் என்னும் கல்வியாளரின் முயற்சியால் எழுந்த அக்கழகம் ஏழு உத்திகளைச் சுட்டிற்று. எதிரிக்கு இழிபெயர் சூட்டுதல். பொருள் தெளிவற்ற பகட்டுச் சொற்களைப் பொழிதல். மக்கள் போற்றும் ஒன்றின் மதிப்பை வேறொன்றின்மேல் ஏற்றிவிடுதல். புகழ்பெற்றோரைச் சாட்சிக்கு அழைத்தல். நானும் உங்களில் ஒருவனே எனப் பாவனை செய்தல். வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கிக் காட்டுதல். ஊரே நம் பக்கம் வந்துவிட்டது, நீ மட்டும் ஏன் நிற்கிறாய் எனத் தூண்டுதல் ஆகியவை அவை. இவற்றை விளக்க அக்கழகத்தார் 1939இல் வெளியிட்ட நூல் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எது என்பது நம் கருத்திற்குரியது. அவர்கள் ஆராய்ந்தது ஓர் அரசியல்வாதியின் பேச்சையன்று. மிச்சிகன் மாநிலத்துக் கத்தோலிக்கக் குருவாகிய சார்லஸ் காக்லின் வானொலியில் ஆற்றிய உரைகளை. அமெரிக்கா போரில் இறங்கியபின் 1942இல் கழகம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பகைவனின் சொல்லை அறுத்த கத்தியால் தன் அரசின் சொல்லையும் அறுக்கவேண்டி நேரும் என்னும் இக்கட்டு அம்முடிவின் பின்னணியில் இருந்தது.

இப்பட்டியல் பயனுள்ளதே. ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. பேசுகிறவன் ஓரிடத்தில் நின்று தந்திரம் செய்கிறான், கேட்கிறவன் வேறிடத்தில் அமர்ந்து ஏமாறுகிறான் என்பதே இதன் உட்கருத்து. கேட்பவன் கல்லாதவன் என்பதும் பெரும்பாலும் சொல்லாமலே கொள்ளப்படுகிறது. 1933இல் ஜெர்மானியப் புரோட்டஸ்டண்டுத் திருச்சபைக்கு நேர்ந்ததை நோக்கினால் இவ்விரண்டுமே ஐயத்திற்குரியனவாகின்றன. அங்கே கேட்டவர்கள் எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர்கள். உலகிற்கே இறையியல் கற்பித்தவர்கள். அவர்களை வயப்படுத்தியது அயலாரின் பொய்யன்று. தாங்கள் பலகாலம் பிரசங்கபீடத்தினின்று வழங்கிய சொற்கள், வேறொரு மேடையிலிருந்து எதிரொலியாக அவர்களிடமே திரும்பி வந்தன. தம் குரலையே கேட்டவர்கள் அதனை ஐயுறவில்லை.

1914இன் ஒத்திகை

இக்கதை 1933இல் தொடங்கவில்லை. 1914 ஆகஸ்டு 4ஆம் நாள், முதல் உலகப்போர் மூண்டவேளையில், ஜெர்மானியப் பாராளுமன்றம் கூடுமுன் பெர்லின் பேராலயத்தில் வழிபாடு நடைபெற்றது. அரசவைப் போதகர் எர்ன்ஸ்ட் டிரையாண்டர் உரோமர் 8:31ஐத் தம் பிரசங்க வாக்கியமாகக் கொண்டார். உபத்திரவத்தில் சிதறிய சிறு சபைக்குப் பவுல் அடிகள் எழுதிய ஆறுதல், படையெடுத்துச் செல்லும் பேரரசின் முழக்கமாயிற்று. வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 'நம்' என்னும் சொல் யாரைச் சுட்டுகிறது என்பது மட்டுமே மாறிற்று.

அவ்வாண்டு அக்டோபரில் 93 அறிஞர்கள் ஒப்பமிட்ட அறிக்கையொன்று வெளியாயிற்று. பெல்ஜியத்தில் ஜெர்மானியப் படைகள் இழைத்த கொடுமைகளை அது மறுத்தது. ஆறு பத்திகள் ஒரே மறுப்புத் தொடரால் தொடங்கின. ஒப்பமிட்டோருள் அடால்ஃப் ஹார்னாக், வில்ஹெல்ம் ஹெர்மன், அடால்ஃப் டைஸ்மன், அடால்ஃப் ஷ்லாட்டர் ஆகியோர் இருந்தனர். இறையியல் மாணவர்க்கு இப்பெயர்கள் புதியன அல்ல. சிலர் அறிக்கையின் வாசகத்தைக் காணாமலேயே தம் பெயரைத் தந்தனர். மறுக்கப்பட்ட கொடுமைகளுள் பல உண்மையாகவே நடந்தவை. லூவேன் நகரின் நூலகம் தீக்கிரையானது அவற்றுள் ஒன்று. சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்னும் சிற்றூரில் போதகராயிருந்த கார்ல் பார்த், தம் ஆசிரியர்கள் பலரின் பெயர்களை அப்பட்டியலில் கண்டு நிலைகுலைந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆசிரியர்களின் ஒழுக்கம் தடுமாறியதென்றால் அவர்கள் கற்பித்த இறையியலிலும் தடுமாற்றம் இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

எதிர்த்தரப்பும் தூயதன்று. லண்டன் அத்தியட்சர் விண்ணிங்டன்-இங்கிராம் அப்போரைப் புனிதப்போர் எனப் பிரசங்கித்தார். ஜெர்மானியர் தம் போர்வீரரின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்னும் கதை 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் இதழ்களில் பரவிற்று. அது ஆதாரமற்றதென்பதை 1925இல் அயலுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பொதுமக்கள் அவையில் ஏற்றுக்கொண்டார். இதனால் விளைந்த தீங்கு பதினேழு ஆண்டுகள் கழித்தே முழுதும் வெளிப்பட்டது. 1942இல் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி போலந்திலிருந்து வந்தபோது, 'இதுவும் பழைய பிணக்கொழுப்புக் கதைதான்' என்று தள்ளியவர்கள் பலர். ஒருமுறை பரப்பிய பொய், பிறிதொருமுறை வந்த மெய்யைக் கேட்கவிடாமற் செய்தது.

அப்போரில் சிப்பாயாயிருந்த ஹிட்லர் இவற்றினின்று தம் பாடத்தைக் கற்றார். தம் நூலில் பிரிட்டிஷாரின் போர்ப்பிரசாரத்தை வெளிப்படையாகவே வியந்து, சில கருத்துகள் மட்டும் போதும், அவற்றை அறிவுக்கன்றி உணர்ச்சிக்கு உரைக்கவேண்டும், சலிக்காது திரும்பத்திரும்பச் சொல்லவேண்டும் என வகுத்தார்.

போட்ஸ்டாமும் பின்னும்

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் பிரதமரானார். மார்ச்சு 13இல் யோசேப்பு கோயபல்சின் தலைமையில் ஓர் அமைச்சகம் நிறுவப்பட்டது. அதன் பெயரில் பிரசாரம் என்னும் சொல்லுக்கு முன்னே மக்கள் அறிவொளி என்னும் சொல் நின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒரு வாரத்தில், மார்ச்சு 21இல், போட்ஸ்டாம் நகரில் புதிய பாராளுமன்றத்தின் தொடக்கவிழா நடந்தது. பிரஷ்ய மன்னர்கள் அடக்கஞ்செய்யப்பட்டிருந்த படைத்தளத் திருக்கோவிலில், பழைய பேரரசின் சீருடையணிந்த முதுபெருங் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் முன் ஹிட்லர் கரிய மேலங்கியில் பணிவாக நின்றார். மணியோசை, ஆர்கன் இசை, பாமாலை, அணிவகுப்பு ஆகிய அனைத்தும் வானொலியில் நாடெங்கும் ஒலித்தன. ஒன்றின் மதிப்பை வேறொன்றின்மேல் ஏற்றுதல் என்னும் உத்திக்கு இதனினும் நிறைவான சான்றைத் தேடவேண்டியதில்லை.

அன்று காலை அந்நகரின் நிக்கலஸ் ஆலயத்தில் பிரசங்கித்தவர் பொதுக் கண்காணிப்பாளர் ஒட்டோ டிபேலியுஸ். 1914இல் டிரையாண்டர் எடுத்த அதே வசனத்தை அறிந்தே எடுத்தார். அப்பிரசங்கத்தில் எச்சரிக்கையும் இருந்தது. அரசின் கடுமையோடு தன்னிச்சையான கொடுமை கலந்துவிடலாகாது என அவர் நினைவூட்டினார். ஆனால் எவர் செவியில் அது விழுந்தது? விழாவின் வடிவம் பிரசங்கத்தின் பொருளை விழுங்கிவிட்டது. மக்கள் கண்டது திருச்சபை அரசை வாழ்த்திய காட்சியை மட்டுமே. பீடத்தில் நிற்கும் நாம், சொல்லும் வாக்கியங்கள் நம் வயத்தில் உள்ளன என எண்ணுகிறோம். எந்த விழாவின் நடுவே நின்று சொல்கிறோமோ அந்த விழாவே அவ்வாக்கியங்களுக்குப் பொருளுரை எழுதிவிடுகிறது. அடுத்த ஏப்ரல் 4இல் இதே டிபேலியுஸ், யூதர் கடைகளைப் புறக்கணித்த இயக்கத்திற்குச் சமாதானம் கூறி அமெரிக்க மக்களுக்கு வானொலியில் உரையாற்றினார். பின்னர் அவர் ஆட்சியை எதிர்த்தார், துன்புற்றார் என்பதும் உண்மையே. அம்முதல் வாரங்களில் ஆட்சிக்குத் தேவைப்பட்டது மதிப்பிற்குரிய ஒரு சாட்சியின் குரல். அது கிடைத்துவிட்டது.

அக்காலத்து ஜெர்மனியில் 28 மாநிலத் திருச்சபைகளில் ஏறத்தாழ 4 கோடி புரோட்டஸ்டண்டார் இருந்தனர். அவர்களுள் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்னும் இயக்கத்தார் சிலுவையின் நடுவே ஸ்வஸ்திகத்தைப் பொறித்துத் தம் சின்னமாக்கினர். ஒரே மக்கள், ஒரே திருச்சபை என்பது அவர்தம் கோரிக்கை. ஐக்கியத்தை விரும்பாத கிறிஸ்தவர் யார்? பகட்டுச் சொல்லின் வலிமை இதுவே. அதனை மறுப்பவன் ஐக்கியத்தையே மறுப்பவனாகத் தோன்றுவான். ஜூலை 23இல் திருச்சபைத் தேர்தல் நடந்தது. முந்திய இரவு ஹிட்லரே வானொலியில் அவ்வியக்கத்தாருக்கு ஆதரவு கேட்டார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் அவர்களுக்கு விழுந்தன. செப்டம்பரில் விட்டன்பர்க் நகரில், லூத்தர் போதித்த அவ்வூரிலேயே, படைத்துறைப் போதகராயிருந்த லூட்விக் முல்லர் பேரரசின் அத்தியட்சராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

வெற்றிக்களிப்பில் ஒரு தவறு நேர்ந்தது. நவம்பர் 13ஆம் நாள் பெர்லின் விளையாட்டரங்கில் 20,000 பேர் கூடிய கூட்டத்தில் ரைன்ஹோல்ட் கிரௌசெ என்பவர் பழைய ஏற்பாட்டை அகற்றவேண்டும், பவுலின் யூத இறையியலைக் களையவேண்டும் என வெளிப்படையாகவே முழங்கினார். அரங்கம் கைதட்டிற்று, நாடு அதிர்ந்தது. இயக்கத்தைவிட்டுப் போதகர்கள் கூட்டமாக விலகினர். மார்ட்டின் நீமோலர் செப்டம்பரில் தொடங்கியிருந்த போதகர் அவசரக் கூட்டுறவில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். உரத்த பொய்யை அடையாளங்காணத் திருச்சபைக்குத் தெரிந்திருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. எனவே நாம் ஆராயவேண்டியது உரத்த பொய்யையன்று, மெல்லப் புகுந்ததையே.

மெல்லப் புகுந்தவை

அதனை நாள்தோறும் குறித்துவைத்தவர் ஒருவர் இருந்தார். விக்டர் கிளெம்பரர் யூத ரபீ ஒருவரின் மகன். புரோட்டஸ்டண்டுத் திருமுழுக்குப் பெற்றவர். டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர். பதவியும் வீடும் பறிக்கப்பட்டு, யூதரல்லாத மனைவியின் துணையால் உயிர்பிழைத்த அவர், ஆட்சியாளரின் சொல்வழக்கை மறைவாக எழுதி வைத்து 1947இல் நூலாக்கினார். மேடைப்பேச்சுகளைவிடத் தனிச்சொற்களே மக்களை மாற்றின என்பது அவர் துணிபு. அச்சொற்கள் உணவிற் கலந்த நஞ்சுபோல் சிறுசிறு அளவில் உட்சென்று, நெடுநாட் கழித்தே வேலை செய்தன. வெறி என்னும் பழிச்சொல் புகழ்ச்சொல்லாயிற்று. எல்லா அமைப்புகளையும் கட்சியின்கீழ்க் கொணர்தலுக்கு மின்பொறியாளரின் இணைப்புச் சொல்லொன்று வழங்கிற்று. விசாரணையின்றிச் சிறையிடுதலுக்குப் பாதுகாப்புக் காவல் என்று பெயர்.

இவற்றைவிட நம்மைச் சுடுவது அவ்வழக்கில் நிரம்பியிருந்த திருச்சபைச் சொற்களே. விசுவாசம், நித்தியம், பலி, தெய்வப் பராமரிப்பு, ஆயிரமாண்டு ஆட்சி ஆகியன அரசியற் சொற்களாயின. 1923இல் மியூனிக்கில் நடந்த கிளர்ச்சியில் மாண்ட கட்சியினர் இரத்தசாட்சிகள் எனப்பட்டனர். அவர்தம் குருதி படிந்த கொடியை ஹிட்லர் ஆண்டுதோறும் நியூரம்பர்க் பேரணியில் ஏந்தி, புதிய கொடிகளைத் தொட்டுப் புனிதப்படுத்தினார். இடைக்காலத்துத் திருப்பண்ட வணக்கத்தைச் சீர்திருத்தத் திருச்சபைகள் ஒழித்து நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இச்சொற்களை யாரும் திருடிச் சென்றனர் என்பதைவிட, 1914 முதற்கொண்டு நாமே அவற்றை நாட்டிற்கும் படைக்கும் இரவல் கொடுத்துவந்தோம் என்பதே சரியாகும். இரவல் வாங்கியவன் திருப்பித் தரவில்லை.

சொல்லோடு பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 76 மார்க்கு விலையில் மக்கள் வானொலி அறிமுகமாயிற்று. ஜனவரி 30இன் நினைவாக 301 என்று அதற்கு எண்ணிட்டனர். வீட்டு மூலையில் குடும்ப வேதாகமம் இருந்த இடத்தருகே அது அமர்ந்தது. இதனினும் கருதத்தக்கது திருச்சபைப் பதிவேடுகளின் கதை. அரசுப் பணியில் நீடிக்க ஒருவன் தன் பாட்டன் பாட்டியர் யூதரல்லர் எனக் காட்டவேண்டியிருந்தது. அதற்குரிய சான்று திருமுழுக்குப் பதிவேட்டில்தான் இருந்தது. நாடெங்கும் குருமனைகளில் போதகர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் படியெடுத்து முத்திரையிட்டனர். 1936 இறுதியில் பெர்லினில் திருச்சபையே ஒரு பதிவேட்டு அலுவலகத்தைத் திறந்து, திருமுழுக்குப் பெற்ற யூதரின் பெயர்களைத் தனி அட்டைகளில் தொகுத்தது. அவர்களுள் பலர் யூதரை வெறுத்தவர்கள் அல்லர். சிலர் ஆட்சியை வெறுத்தவர்களுங்கூட. ஆயினும் சான்றிதழ் எழுதுந்தோறும், திருமுழுக்கு ஒருவனுடைய குருதியை மாற்றுவதில்லை என்னும் கோட்பாட்டைத் தம் பேனாவால் மீண்டும் அறிக்கையிட்டனர். திரும்பத்திரும்பச் சொல்லக் கேட்பதால் மட்டுமன்று, திரும்பத்திரும்பச் செய்வதாலும் மனம் பழகிவிடுகிறது.

நூலகத்திலே உள்ள சாட்சிகள்

நம் கல்லூரி நூலகங்களில் மாணவர் கை அதிகம் படும் நூல்களுள் ஒன்று கிட்டலின் புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதி. அதன் முதல் தொகுதி வெளிவந்தது 1933இல். அதே ஆண்டு மே மாதத்தில் அதன் பதிப்பாசிரியர் கெர்ஹார்ட் கிட்டல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஜூனில் டியூபிங்கன் நகரில் யூதப் பிரச்சினை பற்றி ஓர் உரை நிகழ்த்தி நூலாக வெளியிட்டார். கொச்சையான வசைமொழியை அவர் விலக்கினார். யூதரைக் கொல்லுதல் கூடாது என்றார். ஆனால் அவர்களை அயலாராக ஒதுக்கி உரிமை நீக்கிவைத்தலே வேதத்திற்கும் வரலாற்றிற்கும் ஏற்றதெனப் பரிந்துரைத்தார். தெருவில் கூச்சலிட்டவனைக் கண்டு அருவருத்த கற்றோர், இந்த நடுநிலைத் தொனியைக் கண்டு அமைதியடைந்தனர். என் கருத்தில் இதுவே சாட்சி உத்தியின் மிகத் தேர்ந்த வடிவம். கூச்சலிட்டவன் கேட்டதில் பெரும்பகுதியை, மேற்கோளோடும் நிதானத்தோடும் அறிஞன் வழங்கிவிடுகிறான்.

அவ்வகராதியில் வல்லமை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் வால்டர் குருண்ட்மன். இவர் கிட்டலின் உதவியாளராயிருந்தவர். 1930லேயே கட்சியில் சேர்ந்தவர். ஜெர்மானியத் திருச்சபை வாழ்வில் யூதச் செல்வாக்கை ஆராய்ந்து ஒழிப்பதற்கான நிறுவனம் 1939 மே 6இல் ஐசனாக்கில் தொடங்கப்பட்டபோது அதன் அறிவுத்துறைத் தலைவரானார். அந்நகரின் வார்ட்பர்க் கோட்டையில்தான் லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார் என்பதை நினைக்க. 1940இல் அந்நிறுவனம் யூதத் தொடர்புகளை அகற்றிய புதிய ஏற்பாட்டுத் தொகுப்பு ஒன்றையும், அடுத்த ஆண்டு அல்லேலூயா, சீயோன் போன்ற சொற்களை நீக்கிய பாமாலையையும் வெளியிட்டது. இயேசு பெருமான் யூதரே அல்லர் என நிறுவக் குருண்ட்மன் தனி நூல் எழுதினார். 1933இல் விளையாட்டரங்கில் சொன்னபோது நாட்டை அதிரவைத்த அதே கருத்து, ஏழாண்டுகளில் அடிக்குறிப்புகளோடு கூடிய ஆராய்ச்சியாகிவிட்டது. போருக்குப்பின் அவர் கிழக்கு ஜெர்மனியில் நற்செய்தி நூல்களுக்கு விளக்கவுரைகள் எழுதி மதிப்போடு வாழ்ந்தார். கிட்டலை 1945இல் பிரெஞ்சுப் படையினர் சிறைப்படுத்தினர்; 1948இல் மறைந்தார். அகராதியை எரிக்கவேண்டும் என நான் சொல்லவில்லை. யூதமதம் பற்றி அது பேசும் பக்கங்களைப் படிக்கும் மாணவன், எழுதியவர் யார், எவ்வாண்டில் எழுதினார் என்று கேட்கக் கற்றிருத்தல் வேண்டும்.

ஒரே வாரத்தில் இரு சாட்சிகள்

சாட்சிகளுள் தலையாயவர் லூத்தர். 1933 நவம்பர் 10இல் அவருடைய 450ஆம் பிறந்தநாளை முன்னிட்டு நடந்த விழாக்களில் அவர் ஹிட்லரின் முன்னோடியாகச் சித்திரிக்கப்பட்டார். 1543இல் அவர் யூதருக்கெதிராக எழுதிய கொடிய நூல், பலகாலம் பெரும்பாலோர் புரட்டாதிருந்தது, மறுபடியும் வெளிக்கொணரப்பட்டது. இங்கு நேர்மை வேண்டும். பிரசாரகர்கள் லூத்தரின் வாயில் இல்லாததைத் திணிக்கவில்லை, இருந்ததைப் பொறுக்கியெடுத்தனர். 1523இல் யூதரிடம் அன்பு காட்டுமாறு எழுதிய லூத்தரையும், கிருபையைப் பிரசங்கித்த லூத்தரையும் மறைத்தனர். எனினும் 1543இன் லூத்தர் அவர்களது கற்பனையன்று. 1946 ஏப்ரலில் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் யூலியுஸ் ஸ்டிரைக்கர், தான் நிற்கும் குற்றவாளிக் கூண்டில் லூத்தரும் நிற்கவேண்டியிருக்கும் என வாதிட்டான். குற்றவாளியின் தப்பு வாதம் அது. ஆனால் அதற்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையது.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவும் மறுநாளும் ஜெர்மனியெங்கும் யூத செபக்கூடங்கள் எரிக்கப்பட்டன. துரிங்கியாவின் அத்தியட்சர் மார்ட்டின் சாசே உடனே ஒரு சிறுநூல் வெளியிட்டு, லூத்தரின் பிறந்தநாளில் செபக்கூடங்கள் எரிவதை மகிழ்ந்து குறிப்பிட்டார். பின் லூத்தரின் மேற்கோள்களை அடுக்கினார். அதே நவம்பர் 16ஆம் நாள் மனந்திரும்புதலின் நாளாக அனுசரிக்கப்பட்டது. வியூர்ட்டம்பர்க்கைச் சார்ந்த ஓபர்லென்னிங்கன் என்னும் கிராமத்தில் போதகர் யூலியுஸ் ஃபான் யான் எரேமியா 22:29ஐ வாசித்து, எரிக்கப்பட்ட செபக்கூடங்களையும் இழுத்துச் செல்லப்பட்ட மனிதரையும் பெயர்சொல்லிப் பிரசங்கித்து, நாட்டின் பாவத்தை அறிக்கையிட்டார். சில நாட்களில் கும்பலொன்று அவரைக் குருதி சொட்ட அடித்தது. பின்னர் சிறைத்தண்டனையும் கிடைத்தது. இருவரும் ஒரே திருமறையை ஓதியவர்கள். ஒருவர் மேற்கோள்களை நிகழ்ச்சிக்கு ஏற்பப் பொறுக்கினார். மற்றவர் அந்நாளுக்குரிய பகுதியை வாசித்து, அது நிகழ்ச்சியைத் தீர்ப்பிட விட்டார்.

பார்மனின் சொல்லும் மௌனமும்

1934 மே 29 முதல் 31 வரை பார்மன் நகரில் கூடிய பேரவை ஆறு கூற்றுகளைக் கொண்ட இறையியல் அறிக்கையை ஏற்றது. அதன் வாசகத்தில் பெரும்பங்கு கார்ல் பார்த்தின் கைவண்ணம். அதன் அமைப்பு நம் பொருளுக்கு நேரிடையானது. முதலில் திருமறை வாக்கு. அடுத்து அதினின்று எழும் அறிக்கை. மூன்றாவதாகத் தள்ளப்படும் பொய்ப்போதனை. ஆம் என்று சொன்னதன் பின் இல்லை என்றும் சொல்லவேண்டியிருந்தது. பகட்டுச் சொற்கள் எவரோடும் முரண்படாதவை. அவற்றை முறியடிக்க எதை மறுக்கிறோம் என்று துலக்கமாக உரைப்பதே வழி எனப் பேரவையினர் கண்டனர். முந்தியாண்டே பார்த் எழுதிய சிறுநூல் 37,000 படிகள் பரவியபின் தடைசெய்யப்பட்டது.

ஆயினும் பார்மன் அறிக்கையில் யூதர் என்னும் சொல் இல்லை. திருச்சபையின் உரிமை, திருச்சபையின் செய்தி, திருச்சபையின் அமைப்பு ஆகிய எல்லைக்குள் அது நின்றது. அறிக்கையிடும் திருச்சபை அஞ்சாது போராடிற்று, மெய்தான். நீமோலர் 1937 முதல் 1945 வரை சிறையிலும் முகாமிலும் கிடந்தார். ஆனால் போராட்டம் எதைப்பற்றியது என்பதை எதிரியே வகுத்துவிட்டிருந்தான். யூதப் பிரச்சினை என்று ஒன்று உண்டு, அது அரசின் துறை, திருமுழுக்குப் பெற்ற யூதர் மட்டுமே திருச்சபையின் கவலை என்னும் வரையறையை எதிர்ப்பாளரும் ஏற்றுக்கொண்டனர். பிரசாரத்தின் ஆழ்ந்த வெற்றி இதுவே என்பது என் துணிபு. அதன் விடையை மறுத்தவர்களும் அதன் வினாவை ஏற்றிருந்தார்கள்.

1936இல் தலைவர்கள் சிலர் ஹிட்லருக்கு ஒரு மனு அனுப்பினர். அதில் யூத வெறுப்பையும் வதைமுகாம்களையும் துணிந்து குறிப்பிட்டனர். மனு அயல்நாட்டு இதழ்களில் வெளியானதும் அவர்களே கலங்கினர். அதற்குக் காரணம் எனக் கருதப்பட்ட வழக்கறிஞர் பிரீட்ரிக் வைஸ்லர், யூத வழிவந்த கிறிஸ்தவர், அறிக்கையிடும் திருச்சபையின் அலுவலர், கைதானபோது அத்திருச்சபை அவரிடமிருந்து விலகிக்கொண்டது. 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹௌசன் முகாமில் அடித்துக் கொல்லப்பட்டார். 1967இல், தம் இறுதிக்காலத்தில், பார்த் எபெர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், அன்று யூதர் காரியத்தைத் தீர்மானமான ஒன்றாக முன்வைக்காதது தம் குற்றமே என ஒப்புக்கொண்டார். 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் திருச்சபைத் தலைவர்கள் செய்த குற்ற அறிக்கையிலும் யூதர் பெயர் இல்லை. 1950இல் வைசென்சே பேரவையில்தான் அது இடம்பெற்றது.

அப்படியானால் அன்று எவருமே கண்டுகொள்ளவில்லையா? ஒருவர் கண்டார். எலிசபெத் ஷ்மிட்ஸ் பெர்லினில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறும் சமயமும் கற்பித்த ஆசிரியை. 1935இல், ஆரியரல்லாதார் என ஒதுக்கப்பட்டோரின் நிலைபற்றி ஒரு நீண்ட குறிப்புரை எழுதினார். கடைக்காரர், பள்ளிப்பிள்ளைகள், ஊர் நுழைவாயில்களிலிருந்த அறிவிப்புப் பலகைகள் என நாள்தோறும் கண்டவற்றைச் சான்றோடு அடுக்கி, திருச்சபை ஏன் வாய்திறக்கவில்லை என வினவினார். யூதர், யூதக் கிறிஸ்தவர் எனப் பாகுபடுத்தி அவர் எழுதவில்லை. ஏறத்தாழ 200 படிகளைத் தாமே உருவாக்கித் தலைவர்களிடம் சேர்த்தார். பேரவை அதனை விவாதிக்கவில்லை. 1938 நவம்பருக்குப்பின், இவ்வரசு வேண்டும் முறையில் கற்பிக்க மனச்சாட்சி இடந்தராது என வேலையைத் துறந்தார். அக்குறிப்புரையில் எழுதியவர் பெயர் இல்லாமையால், போருக்குப்பின் வரலாற்றாசிரியர்கள் அதனை வேறொரு பெண்மணியின் எழுத்து எனக் கொண்டனர். ஷ்மிட்ஸ் மறுப்புக் கூறாமலே 1977இல் காலமானார். 1999இல் முன்னாள் மாணவி ஒருவர் உண்மையை வெளிப்படுத்தினார். 2004இல் ஹானௌ நகரிலுள்ள திருச்சபைக் கட்டடமொன்றின் நிலவறையில் அவருடைய கைப்பை கிடைத்தது. குறிப்புரையின் கையெழுத்துப் படி அதனுள் இருந்தது.